தடைப் பலகை மட்டும் போதுமா?

சென்னை மெரினா கடற்கரையில் இருந்த ஓர் எச்சரிக்கைப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, அதன் அருகிலேயே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கடலில் இறங்கியவன் நான். ஆகவே இக்கட்டுரையை ஒழுங்கான பிள்ளை ஒருவனின் அறிவுரையாக யாரும் கொள்ள வேண்டாம். தவறு செய்தவன், தன் தவறை எண்ணிப் பார்த்து எழுதுவது இது.

என் சொந்த ஊர் கொட்டாம்பட்டி. எங்கள் ஊரிலிருந்து எந்தத் திசையில் புறப்பட்டாலும் கடலைக் காண நெடுந்தூரம் போக வேண்டும். எங்களுக்குத் தெரிந்த நீரெல்லாம் கண்மாயும் கிணறுமே. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறக்கிவிடுவார்கள். நாலு நாள் தண்ணீர் குடித்தால் ஐந்தாம் நாள் நீச்சல் வந்துவிடும். பன்னிரண்டு வயதில் மோட்டார் அறையின் கூரையிலிருந்து பல்டி அடிப்போம். முங்கிப் போய் அடிமண்ணை அள்ளிவந்து காட்டுவோம். தண்ணீரில் நம்மை வெல்ல ஆளில்லை என்ற எண்ணம் அந்த வயதிலேயே மனத்தில் குடியேறிவிடுகிறது.

அந்த எண்ணத்தோடுதான் சென்ற கோடை விடுமுறையில் சென்னையிலுள்ள அத்தை வீட்டுக்குப் போனேன். ஒரு மாலை அத்தை மகனுடன் மெரினாவுக்குச் சென்றேன். "இங்கே குளிக்கக் கூடாதுடா, போர்டு போட்டிருக்கான்" என்று அவன் தடுத்தான். "அது நீச்சல் தெரியாதவனுக்குப் போட்ட போர்டு" என்றேன். அலை அதிகம் அடிக்காமல் அமைதியாக இருந்த இடமாகப் பார்த்து இறங்கினேன். சிறிது நேரத்தில் காலடி மணல் நழுவியது. திரும்பிப் பார்த்தால் அத்தை மகன் சிறு பையனைப் போலத் தெரிந்தான். கரையை நோக்கி மூச்சடக்கி நீந்தினேன். கை அசைந்ததே தவிரக் கரை நெருங்கவில்லை. கட்டுமரத்துப் பக்கம் நின்றிருந்த மீனவர் ஒருவர், "நேரா வராதே, பக்கவாட்டுல போ!" என்று கையை வீசிக் கத்தினார். அப்படியே நீந்தினேன். கொஞ்ச தூரம் போனதும் அலை என்னைத் தூக்கிக் கரையில் போட்டது.

அவர் என்னைத் திட்டவில்லை. "எந்த ஊரு தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். "கெணத்துல தண்ணி நிக்கும் தம்பி. கடல்ல அது நடக்கும்" என்றார். அவ்வளவுதான். இரண்டாண்டுகளாக இயற்பியல் படிக்கும் எனக்கு அவ்வொரு வாக்கியத்தில் பாடம் நடத்திவிட்டார் அவர்.

ஊர் திரும்பியபின் நூலகத்தில் அதைப் பற்றித் தேடிப் படித்தேன். அலைகள் ஓயாமல் நீரைக் கரையில் கொண்டுவந்து குவிக்கின்றன. குவிந்த நீர் கடலுக்குத் திரும்ப வேண்டும் அல்லவா? நீருக்கடியில் உள்ள மணல் திட்டுகளுக்கு இடையே பள்ளமான வழி எங்கு உள்ளதோ, அங்கே அது ஒடுங்கிய ஓடையாகக் கடலை நோக்கிப் பாய்கிறது. பள்ளமான இடத்தில் அலை உடைவதில்லை. அதனால் மேற்பரப்பு அமைதியாகத் தோன்றுகிறது. ஆம், நான் பாதுகாப்பானது என்று தேர்ந்தெடுத்த இடமே ஆபத்தான இடம்!

இந்த நீரோட்டத்தின் வேகம் சில வேளைகளில் வினாடிக்கு 2.5 மீட்டரைத் தொடும். 50 மீட்டர் தூரத்தை ஏறத்தாழ 21 வினாடியில் கடக்கும் உலகச் சாதனை வீரனின் வேகம் வினாடிக்கு 2.4 மீட்டர்தான். கிணற்றில் பல்டி அடித்தவன் எம்மாத்திரம்? ஆனால் இவ்வோட்டம் மனிதனை அடியில் இழுப்பதில்லை. வெளியேதான் இழுத்துச் செல்கிறது. அதை எதிர்த்து நீந்திக் களைத்துப் போவதாலேயே உயிர் போகிறது. ஓட்டம் அகலம் குறைந்தது. கரைக்கு இணையாக நீந்தினால் அதைவிட்டு வெளியேறலாம். இயலாவிட்டால் மல்லாந்து மிதந்தபடி கையைத் தூக்கி உதவி கேட்கலாம். ஆற்றைக் கடக்கும் படகின் சார்பு வேகக் கணக்கை நாமெல்லோரும் போட்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். அந்தக் கணக்கு என் உயிரைப் பற்றியது என்று எந்தப் பலகையும் எனக்குச் சொல்லவில்லை.

இதுதான் என் வாதம். மெரினாவில் குளிக்கத் தடை விதித்திருப்பது சரியே. அங்கே கரை சட்டென்று ஆழமாகிறது, நீரோட்டமும் கடுமை. ஆனால் காரணம் சொல்லாத தடை, மீறுவதற்கு ஓர் அழைப்பாகிவிடுகிறது. "குளிக்காதே" என்று மட்டும் எழுதினால், படிப்பவன் அதைப் போலீஸ்காரரின் விசிலோடு சேர்த்து எண்ணுகிறான். கடலோடு சேர்த்து எண்ணுவதில்லை. விசில் ஓய்ந்ததும் இறங்குகிறான். "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது நம் பழமொழி. கடலில் ஆழம் தெரிந்தால் மட்டும் போதாது, ஓட்டமும் தெரிய வேண்டும். நீந்தத் தெரியாதவன் முழங்கால் நீரோடு நின்றுவிடுவான். அரைகுறையாகத் தெரிந்த நம்மைப் போன்ற உள்ளூர்ச் சூரர்களே மார்பளவு நீருக்குப் போகிறோம்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021இல் மட்டும் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 30 வயதுக்கு உட்பட்டவர்கள். நோய்க்குத் தடுப்பூசி போடும் நாம், இதற்கு ஒரு பலகையோடு நிறுத்திக்கொள்ளலாமா?

ஆஸ்திரேலியாவின் கதை இங்கே நினைக்கத்தக்கது. சிட்னிக் கடற்கரைகளில் பகல் நேரத்தில் குளிப்பது ஒரு காலத்தில் தடை செய்யப்பட்டிருந்தது. நாகரிகக் குறைவு என்பது காரணம். 1902இல் வில்லியம் கோச்சர் என்ற பத்திரிகையாளர் மேன்லி கடற்கரையில் பட்டப்பகலில் இறங்கி அத்தடையை மீறினார். விரைவிலேயே தடை தளர்ந்தது. மக்கள் திரளாக இறங்கினர், ஆபத்தும் பெருகியது. அவர்கள் மீண்டும் பலகை நட்டுக்கொண்டு போய்விடவில்லை. கடற்கரைதோறும் தொண்டர்களின் உயிர்காப்புக் கழகங்களை அமைத்தனர். 1907இல் அவற்றுக்கென்று ஒரு சங்கமும் பிறந்தது. இன்று அங்கே சிவப்பும் மஞ்சளுமான இரு கொடிகளுக்கு நடுவே குளிக்க வேண்டும் என்பது சிறு குழந்தைக்கும் தெரியும். இங்கே இறங்காதே என்பதோடு, அங்கே இறங்கு என்றும் அவர்கள் சொல்கிறார்கள்.

"இடம் ஒதுக்கினால் கூட்டம் பெருகும், காவலுக்கு ஆள் எங்கே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் தடை இருக்கும்போதே கூட்டம் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. மெரினாவைத் திறந்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கடலறிந்தவர்கள் தகுதியான சில இடங்களைத் தேர்ந்து, கொடி நட்டு, நேரம் குறித்துக் கொடுக்கட்டும். நம் மாநிலத்திலேயே செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளம் கடற்கரை 2021இல் நீலக்கொடித் தகுதி பெற்றது. அத்தகுதி பெற உயிர்காப்பு ஏற்பாடும் ஒரு நிபந்தனை. ஆகவே நம்மால் ஆகாத காரியமல்ல. காவலுக்கு ஆளா இல்லை? கரையில் நின்றபடியே கடலின் நடையைப் படிக்கத் தெரிந்த மீனவ இளைஞர்கள் எத்தனை பேர்! அவர்களுக்குப் பயிற்சியும் மாதச் சம்பளமும் கொடுத்தால் இரு வீடுகளில் விளக்கெரியும்: காப்பவன் வீட்டிலும், காக்கப்பட்டவன் வீட்டிலும்.

பலகையிலும் இரண்டு வரி கூடுதலாக எழுதட்டும்: "இங்கே நீரோட்டம் உங்களைக் கடலுக்குள் இழுக்கும். சிக்கினால் எதிர்த்து நீந்தாமல் பக்கவாட்டில் நீந்துங்கள்." ஒரு டப்பா பெயிண்டுக்குமேல் செலவில்லை.

நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு நாளை இதற்கென ஒதுக்கலாம். மூழ்குகிறவனைக் காப்பாற்றக் கண்ணை மூடிக்கொண்டு குதிக்காமல், கயிறோ காலிக் குடமோ எறிய வேண்டும் என்பதைக் கிராமந்தோறும் சொல்லலாம். நம் பெண்களுக்குக் கிணற்று நீச்சலும் கற்றுத்தரப்படுவதில்லை. அதையும் அங்கேயே தொடங்கலாம்.

நண்பர்களே, நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். நம்மை அனுப்பிவிட்டு, நம் பட்டத்துக்காகக் காத்திருக்கும் வீடுகள் அவை. அன்று அலையில் தவித்தபோது எனக்கு நீச்சல் நினைவு வரவில்லை. பஸ் ஏற்றிவிட வந்த அம்மாவின் முகம்தான் வந்தது. நடந்ததை இதுவரை அவரிடம் நான் சொல்லவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்க இப்போதுதான் கற்றுவருகிறார். இம்மலர் அவர் கைக்குக் கிடைக்கும் நாளில் அவரே படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.