தண்டவாள வெல்டிங்: நம்பர் வெல்டருக்கு மட்டும்தானா?

மைசூரில் இருந்து புறப்படும் தூத்துக்குடி எக்ஸ்பிரசிலும், காவேரி எக்ஸ்பிரசிலும் பொங்கல், தீபாவளி சமயத்தில் கால் வைக்க இடம் இருக்காது. மூட்டை முடிச்சு, பிள்ளை குட்டிகளுடன் ஊருக்குப் போகும் தமிழ்த் தொழிலாளர்கள் வண்டி நிறைய இருப்பார்கள். இடம் கிடைத்ததா, வண்டி நேரத்துக்குப் போகுமா என்பதுதான் அவர்கள் கவலை. தண்டவாளத்தைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. கவலைப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் வேறு.

பழைய மீட்டர்கேஜ் காலத்தில் 'தடக் தடக்' என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே வரும். சில மீட்டருக்கு ஓர் இணைப்பு. இணைப்பில் பிஷ் பிளேட்டும் போல்ட்டும் இருக்கும். 1993–ல் மைசூர்–பெங்களூர் பாதை அகலப்பாதை ஆனது. இன்று நீண்ட தண்டவாளங்களை வெல்டிங் செய்து ஒரே கம்பியாக்கி விடுகிறார்கள். சத்தம் போய்விட்டது. குழந்தைகள் நன்றாகத் தூங்குகின்றன. ஆனால் பாதையைப் பார்க்கும் கீமேனுக்குக் கவலை போகவில்லை. போல்ட்டில் இருந்த கவலை வெல்டிங்குக்கு மாறி இருக்கிறது, அவ்வளவுதான்.

போல்ட் தளர்ந்தால் கண்ணுக்குத் தெரியும். கையால் அசைத்துப் பார்க்கலாம். வெல்டிங்குக்கு உள்ளே இருக்கும் ஓட்டை கண்ணுக்குத் தெரியாது.

20 விநாடி நெருப்பு

இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் 25 மில்லிமீட்டர் இடைவெளி விடுகிறார்கள். சுற்றிலும் அச்சு கட்டி, தண்டவாள முனைகளை நன்றாகச் சூடாக்குகிறார்கள். மேலே ஒரு மூசையில் அலுமினியத் தூளும் இரும்பு ஆக்சைடும் கலந்த கலவையைப் போட்டுப் பற்றவைத்தால் சுமார் 20 விநாடியில் அது கொதிக்கும் எக்காக மாறி அச்சுக்குள் இறங்குகிறது. இந்த முறைக்கு 1895–ல் காப்புரிமை வாங்கியவர் ஜெர்மனியைச் சேர்ந்த கோல்ட்ஸ்மிட். உலகம் முழுவதும் ரெயில் பாதைகளில் இன்றும் இந்த முறை பயன்பாட்டில் இருக்கிறது.

பார்க்க வாணவேடிக்கை போல இருக்கும். ஆனால் கலவையில் ஈரம் ஏறியிருந்தால் உள்ளே காற்றுக் குமிழ் நின்றுவிடும். முனைகள் போதிய அளவு சூடேறாவிட்டால் புது எக்கு பழைய எக்கோடு கலக்காமல் சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கும். வார்த்து முடித்து 30 நிமிடமாவது கழித்துத்தான் அதன் மேல் முதல் வண்டியை விட வேண்டும் என்பது விதி.

ஆகவே ஒரு வெல்டிங்குக்கு நேரம் வேண்டும். ரெயில்வே பாஷையில் 'பிளாக்' வேண்டும். அந்த நேரத்தில் அந்தப் பாதையில் வண்டி வரக்கூடாது. பிளாக் கொடுப்பது கண்ட்ரோல் ஆபீஸ். கொடுத்தால் வண்டிகள் தாமதமாகும். தாமதத்துக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டும். வண்டிகள் கூடக்கூட பிளாக் கிடைப்பது குதிரைக் கொம்பாகி விடுகிறது. 2022 நவம்பர் 11–ந் தேதி சென்னை–மைசூர் வந்தே பாரத் ரெயிலும் இந்தப் பாதைக்கு வந்து சேர்ந்தது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் வேக ரெயில் வரும்போது கேங்மேனுக்கு வேலை செய்யும் நேரம் கூடுவதில்லை. குறைகிறது!

பானையைத் தட்டிப் பார்ப்பது போல

சந்தையில் மண்பானை வாங்கும் பெண்கள் விரலால் தட்டிப் பார்க்காமல் காசு கொடுக்க மாட்டார்கள். கணீர் என்றால் நல்ல பானை. விரிசல் இருந்தால் ஓசை மழுங்கும். அந்தக் காலத்தில் ஸ்டேஷனில் வண்டி நின்றதும் ஒருவர் நீண்ட சுத்தியலோடு சக்கரம் சக்கரமாகத் தட்டிக்கொண்டு போனதும் இதே வித்தைதான். பொருளை உடைக்காமல் உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்வது.

இன்று அந்தச் சுத்தியலுக்குப் பதிலாக அல்ட்ராசோனிக் கருவி வந்திருக்கிறது. மனிதக் காதுக்கு 20 ஆயிரம் அதிர்வுக்கு மேல் கேட்காது. இந்தக் கருவி விநாடிக்கு 20 லட்சம், 40 லட்சம் அதிர்வுள்ள ஒலியை எக்குக்குள் அனுப்புகிறது. உள்ளே விரிசல் இருந்தால் ஒலி அதில் மோதித் திரும்புகிறது. திரையில் ஒரு கோடு எழுகிறது.

கருவியைத் தள்ளுவண்டி போலத் தண்டவாளத்தின் மேல் தள்ளிக்கொண்டு போவதைப் பலர் பார்த்திருக்கலாம். அது மேல் பகுதியையும் நடுப்பகுதியையும் பார்க்கும். அடிப்பாகத்தின் இரண்டு ஓரங்களையும் அது பார்க்காது. அங்கே துருவைச் சுரண்டித் துடைத்து, மண்டியிட்டு உட்கார்ந்து, சிறு கருவியைக் கையில் பிடித்து ஒவ்வொரு வெல்டிங்காகச் சோதிக்க வேண்டும். சித்திரை வெயிலில் ஜல்லி மேல் மண்டியிடுவது எப்படி என்று மண்டியாவிலும் மத்தூரிலும் வேலை பார்க்கும் பாதை ஊழியர்களைக் கேட்டால் சொல்வார்கள். இன்று இத்தனை கிலோமீட்டர் முடித்தாயா என்று கேட்கும் மேலதிகாரிக்கு அந்த முழங்கால் தெரியாது.

ஆபத்தான குறை தெரிந்தால் சிவப்புப் பெயிண்டில் மூன்று பெருக்கல் குறி போடுவார்கள். அந்த இடத்தில் வேகம் 30 கிலோமீட்டராகக் குறைய வேண்டும். மூன்று நாளுக்குள் அந்தத் துண்டை மாற்ற வேண்டும். ஒரு சோதனை ஊழியரின் பெயிண்ட் பிரஷ் வந்தே பாரத்தையே மெதுவாகப் போக வைக்கும். இவ்வளவு பெரிய அதிகாரம் உள்ள ஊழியருக்கு அதற்கேற்ற பாதுகாப்பும் இருக்க வேண்டாமா? 'இந்தக் குறி அவசியமா, இன்னொரு தடவை பார்' என்று யாரும் அவரிடம் கேட்காத நிலை இருக்க வேண்டாமா?

கத்தோலியில் என்ன நடந்தது?

பாதை பழுதானால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சிகள் உண்டு. 1998 நவம்பர் 26–ந் தேதி பஞ்சாபில் கன்னா அருகே தண்டவாளம் முறிந்து ஒரு ரெயில் தடம் புரண்டது. எதிரே வந்த ரெயில் அதன் மேல் மோதியது. 212 பேர் மாண்டனர். அதிகாலை நேரம், குளிர்காலம். குளிரில் எக்கு சுருங்கப் பார்க்கும். இறுக்கிக் கட்டிய தண்டவாளம் சுருங்க முடியாமல் விறைத்து நிற்கும். பலவீனமான இடம் அப்போதுதான் விட்டுக்கொடுக்கும்.

2017 ஆகஸ்டு 19–ந் தேதி உத்தரபிரதேசத்தில் கத்தோலி என்ற இடத்தில் உத்கல் எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். பாதையில் பழுது வேலை நடந்துகொண்டிருக்கும்போதே வண்டி வந்துவிட்டது. பிளாக் இல்லாமலே வேலை நடந்திருக்கிறது. பிளாக் கேட்டும் கிடைக்கவில்லை என்ற செய்தி அப்போதே பத்திரிகைகளில் வந்தது. ரெயில்வே வாரியத் தலைவர் ராஜினாமா செய்தார். அது கவுரவமான காரியம்தான். ஆனால் வேலை போனவர்களில் கேங்மேன்களும் இருந்தார்கள்.

ஒவ்வொரு வெல்டிங்குக்கும் பக்கத்தில் ஓர் அடையாளம் இருக்கிறது. எந்த மாதம், எந்த வருஷம், எந்த நிறுவனம், எந்த வெல்டர், எத்தனையாவது வெல்டிங் என்று அதில் குறிக்க வேண்டும் என்பது விதி. பத்து வருஷம் கழித்து வெல்டிங் உடைந்தாலும் அதைச் செய்த கையைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த வெல்டருக்கு எத்தனை நிமிடம் கேட்கப்பட்டது, எத்தனை நிமிடம் கொடுக்கப்பட்டது என்பது அதில் இல்லை. அதைக் கொடுத்தவருடைய நம்பரும் இல்லை!

விரிசலுக்குள் பெயிண்ட்

நார்வே நாட்டுக் கடலில் 1980 மார்ச் 27–ந் தேதி அலெக்சாண்டர் கீலாண்டு என்ற மிதக்கும் மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்தார்கள். எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர்கள் தங்கும் மேடை அது. காரணம் தேடியபோது, ஒரு சிறு கருவியைப் பொருத்துவதற்காகப் போட்ட 6 மில்லிமீட்டர் வெல்டிங்கில் போய் நின்றது விசாரணை. அந்த விரிசலுக்குள் பெயிண்ட் இருந்தது. அதாவது, பெயிண்ட் அடிக்கும் முன்பே விரிசல் இருந்திருக்கிறது. ஒருவர் கண்ணிலும் படவில்லை, அல்லது பட்டும் பேசவில்லை. சாமானைப் பொருத்துகிற வெல்டிங்தானே, இதற்கு எதற்குச் சோதனை என்று நினைத்திருக்கலாம்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்த வித்தை புதிது அல்ல. திருச்சி 'பெல்' ஆலையில் கொதிகலன் குழாய்களின் வெல்டிங்கைப் படம் பிடித்துப் பார்ப்பது அன்றாட வேலை. அங்கேயே 1975–ல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் தொடங்கினார்கள். ஆலைகளில் வெல்டிங்கைப் படம் எடுக்க இரிடியம் என்ற கதிரியக்கப் பொருளைப் பயன்படுத்துவார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்கள் இந்த இடத்தில் உஷாராக இருக்க வேண்டும். 1999 பிப்ரவரியில் பெரு நாட்டில் ஒரு வெல்டர், கீழே கிடந்த சிறு உலோகத் துண்டை ஏதோ சாமான் என்று எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அது இரிடியம். அவருடைய காலையே எடுக்க வேண்டியதாயிற்று. படம் எடுக்கும் இடத்தில் கயிறு கட்டியிருந்தால் உள்ளே போகக்கூடாது. கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ் தராமல் அந்த வேலைக்கு ஆள் கூப்பிட்டால் போகவே கூடாது. கூலி இரண்டு மடங்கு என்றாலும்.

கேட்க வேண்டியது இது

ரெயில்வே தொழிற்சங்கங்கள் போனஸ், பஞ்சப்படி பற்றிப் பேசுவது நியாயமே. அதோடு இதையும் கேட்கலாம். ஒவ்வொரு வெல்டிங்கின் பதிவிலும் பிளாக் எத்தனை மணிக்குக் கேட்டது, எத்தனை நிமிடம் கிடைத்தது என்று எழுதப்பட வேண்டும். பிளாக் மறுக்கப்பட்டால் மறுத்தவர் பெயரும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். இதற்குப் புது இயந்திரம் வேண்டாம், வெளிநாட்டு நிபுணர் வேண்டாம். பதிவேட்டில் இரண்டு கட்டம் கூடுதலாகப் போட்டால் போதும். கட்டம் போடவும் நிரப்பவும் குமாஸ்தாக்கள் இருக்கிறார்கள்.

சோதனை செய்யும் ஊழியரை, வேலையை முடித்துக் காட்ட வேண்டிய அதே அதிகாரியின் கீழ் வைப்பதும் மாற வேண்டும். தேர்வு எழுதிய பையனே விடைத்தாளைத் திருத்தினால் யார்தான் பெயில் ஆவார்கள்?

மைசூரிலும் பெங்களூரிலும் ஐ.டி.ஐ. முடித்து வெல்டிங் பட்டறைகளில் தினக்கூலிக்கு நிற்கும் தமிழ் இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்தச் சோதனைத் தொழிலுக்கென்று முதல் நிலை, இரண்டாம் நிலை என்று சான்றிதழ்ப் படிப்புகள் உண்டு. இதற்கான இந்தியச் சங்கத்தின் தலைமையகம் சென்னையிலேயே இருக்கிறது. நெருப்பைப் பிடித்த கைக்கு வெல்டிங் எங்கே கெடும் என்று தெரியும். அந்தக் கை சோதனைக் கருவியையும் பிடித்தால் நல்லது. விவரம் கேட்க ஒரு தபால் கார்டு போட்டாலும் போதும், ஊருக்குப் போகும் வழியில் நேரில் விசாரித்தாலும் சரி.