சைலன்சரை மாற்றிய பின் வரும் மின்கோளாறு: பொறுப்பு யாருடையது?

சென்ற ரமளானின் இறுதிப் பத்தில் ஓர் இரவு. தராவீஹ் முடிந்து நாம் பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தபோது, நமது மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தமது மோட்டார் சைக்கிளின் அருகே கவலையுடன் குனிந்து அமர்ந்திருந்தார். பெருநாளை முன்னிட்டு வண்டிக்கு வெளிச்சந்தையில் வாங்கிய புதிய சைலன்சரைப் பொருத்தி நான்கு நாள்களே ஆகியிருந்தன. ஹாரன் ஒலிக்கவில்லை, இண்டிகேட்டர் எரியவில்லை, பிரேக் விளக்கும் இல்லை. பொருத்திய பட்டறையில் முறையிட்டபோது, பேட்டரி பழையது என்று கூறிப் புதியதை விற்றிருக்கிறார்கள். அதன் பிறகும் ஃபியூஸ் மூன்று முறை எரிந்து போயிற்று. அன்று மாலை அவர் பிரேக் பிடித்தபோது, விளக்கு எரியாததால் பின்னால் வந்த வேன் மயிரிழையில் விலகிச் சென்றதாம். இனி ஃபியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றிவிடலாம் என்று நண்பர் ஒருவர் சொல்ல, அதற்கும் அவர் ஆயத்தமாகிவிட்டார்.

அப்போது, ஒயரிங் வேலை அறிந்த பெரியவர் ஒருவர் அவரைத் தடுத்து ஒரேயொரு கேள்வி கேட்டார்: "தம்பி, கடைசியாக வண்டியில் கை வைத்தது யார்? எங்கே கை வைத்தார்?"

அந்தக் கேள்வியிலேயே விடை இருந்தது. பின்சக்கர பிரேக் மிதியருகே உள்ள சுவிட்சுக்குச் செல்லும் ஒயர், புதிய பெண்ட் பைப்பின் மீது சாய்ந்து கிடந்தது. எஞ்சின் ஓடும்போது அந்தக் குழாய் பல நூறு டிகிரி வரை சூடேறும். ஒயரின் மேலுறை உருகி, உள்ளிருந்த செம்பு குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. மூன்று கருவிகளுக்கும் ஒரே ஃபியூஸ் வழியாக மின்சாரம் சென்றதால் மூன்றும் ஒருசேர நின்றன. பேட்டரிக்கும் இதற்கும் எத்தொடர்பும் இல்லை.

நமது கருத்து இதுதான்: சைலன்சர் மாற்றிய பின் தோன்றும் மின்கோளாற்றைத் தேடத் தொடங்க வேண்டிய இடம், அந்த வேலையின்போது கை பட்ட இடம். புதிய உதிரிப் பாகம் வாங்கச் சொல்வதற்கு முன், வேலை செய்தவர் தாம் செய்ததைத் திரும்பிப் பார்க்கக் கடமைப்பட்டவர்.

அவ்வாறு பார்க்க வேண்டியவை பல அல்ல. முதலில் சாவியை அணைத்து, குழாய் ஆறிய பின், அதன் நெடுகிலும் ஒயர் ஏதேனும் தொடுகிறதா, நசுங்கியிருக்கிறதா என்று காண வேண்டும். பிறகு, கழற்றி மாட்டிய போல்ட்டுகளில் எர்த் ஒயர் இருந்ததா, அது மீண்டும் இறுக்கமாகப் பூட்டப்பட்டதா என்று பார்க்க வேண்டும். பேட்டரியை ஐயுற்றால் மல்டிமீட்டரால் அளந்துவிடலாம். நிறைவாக மின்னேற்றம் பெற்ற பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டால் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை வரும். இவை சரியாக இருந்தால் கோளாற்றை வேறிடத்தில் தேடுவதே முறை.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் நடைமுறைக்கு வந்த பின் வெளியான வண்டிகளில் இன்னொரு நுட்பமும் உண்டு. புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் பொருத்தப்பட்டிருக்கும். எரிபொருளின் அளவைத் தீர்மானிக்கும் இ.சி.யு., இந்தச் சென்சாரின் செய்தியைக் கேட்டே அளவைத் திருத்துகிறது. சென்சாரின் ஒயரை இழுத்து அறுத்தாலோ, கப்ளரைச் சரியாக மாட்டாவிட்டாலோ, புதிய குழாயில் இடமில்லையென்று சென்சாரையே விட்டுவிட்டாலோ எச்சரிக்கை விளக்கு எரியும். ஒயர் நன்றாக இருந்தும் விளக்கு எரிந்தால் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். அங்குள்ள கசிவின் வழியே வெளிக்காற்று உட்புகுந்தால், ஆக்சிஜன் மிகுதி என்று சென்சார் கூறும், இ.சி.யு. தேவையின்றிப் பெட்ரோலைக் கூட்டும். ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். மின்கோளாறு போலத் தோன்றும் இதற்குத் தீர்வு புதிய கேஸ்கெட்தான். மேலும், பேட்டரி இணைப்பையும் இ.சி.யு. கப்ளரையும் கழற்றாமல் வண்டியின் மீதே வெல்டிங் வைப்பது இ.சி.யு.வைப் பழுதாக்கக்கூடும்.

அன்றிரவு செய்த பழுதுநீக்கம் எளிமையானது. உருகிய பகுதியை வெட்டி, நல்ல ஒயரை ஈயம் வைத்து இணைத்து, சூட்டில் சுருங்கும் உறையிட்டு, ஒயரைக் குழாயிலிருந்து விலக்கிச் சட்டத்தோடு கட்டினார் பெரியவர். பின்னர், வண்டியின் ஏட்டில் குறித்துள்ள அதே ஆம்பியரில் புதிய ஃபியூஸ் இட்டார். ஃபியூஸ் எரிவது ஒயரையும் வண்டியையும் காக்கவே. அந்த இடத்தில் செம்புக் கம்பி இருந்திருந்தால் ஃபியூஸுக்குப் பதிலாக ஒயரிங் முழுவதும் எரிந்திருக்கும். பெட்ரோல் டேங்க் அதற்கு மேலேயே இருக்கிறது.

பிறர் நம்பி ஒப்படைத்த பொருள் அமானிதம் என்பது நாம் சிறுவயது முதல் கேட்டுவரும் பாடம். பட்டறையில் விடப்பட்ட வண்டியும் அமானிதமே. "என் கையால் நேர்ந்திருக்கலாம், பார்க்கிறேன்" என்று சொல்லும் மெக்கானிக்கின் மதிப்பு குறைவதில்லை. உரிமையாளருக்கும் கடமை உண்டு. வேறு பட்டறைக்குச் செல்லும்போது சைலன்சர் மாற்றியதை மறைத்து, "தானாகவே நின்றுவிட்டது" என்று கூறுவதால் தேடுபவரின் உழைப்பும் அவருடைய பணமுமே வீணாகும்.

இறுதியாக, கசப்பாக இருப்பினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒலியைக் கூட்டுவதற்காகவே சைலன்சரை மாற்றுவதை நாம் ஆதரிக்கவில்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், ஒலியைக் குறைக்கும் சைலன்சர் ஒவ்வொரு வண்டியிலும் இருக்க வேண்டும் என்கின்றன. ஒலி வரம்பை மீறினால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் குற்றத்துக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கப்படலாம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஸஹர் நேரத்தில் தெருவே அதிர வண்டி செல்லும்போது, தொட்டிலில் உறங்கும் குழந்தையும் நோயில் கிடக்கும் முதியவரும் விழித்துக்கொள்கிறார்கள். அவர்கள் நம் அண்டை வீட்டார். அவர்களுக்கு நம் மீது உரிமை உண்டு.

அந்த இளைஞர் பெருநாள் கழிந்ததும் பழைய சைலன்சரையே திரும்பப் பொருத்திக்கொண்டார். இம்முறை ஒயர்களைத் தாமே ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் வண்டியைப் பட்டறையிலிருந்து எடுத்து வந்தார்.