லாரிக்கு ஆர்.சி. புக் இருக்கு, அம்மாவுக்கு?

நாமக்கல் பக்கம் லாரி வைத்திருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். சேஸிஸ் நம்பர், எஃப்.சி. தேதி, எந்த டயர் எப்போது மாற்றியது, எல்லாம் விரல் நுனியில் இருக்கும். அதே வீட்டு அம்மாவின் உடம்பில் டாக்டர் வைத்த குழாய் எதுவென்று கேட்டால், "ஏதோ டியூப் வச்சாங்க" என்பதோடு சரி.

மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து பல வருடம் கழித்தும் சிலருக்குத் திரும்பி வருகிறது. சிலருக்கு மூளையையும் அதன் உறையையும் பிடிக்கிறது. அப்போது மூளைநீர் வடிய வழியில்லாமல் தேங்கினால் தலைவலி, வாந்தி, நடையில் தடுமாற்றம். அதற்கு வைப்பதுதான் 'ஷன்ட்'. தலைக்குள்ளிருந்து கழுத்து, நெஞ்சு வழியாகத் தோலுக்கு அடியிலேயே வயிறு வரை போகும் மெல்லிய குழாய். தேங்கிய நீர் வயிற்றுக்குள் வடிந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், அந்த நீரில் புற்றுநோய் செல்கள் இருந்தால் அவையும் குழாய் வழியே வயிற்றுக்கு வரலாம். அபூர்வம்தான், ஆனால் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. ஷன்ட் புற்றுநோயை உண்டாக்குவதில்லை, வழிதான் விடுகிறது. அதற்காக வேண்டாம் என்று சொல்ல முடியாது. மூளையில் அழுத்தம் ஏறினால் உயிருக்கே ஆபத்து.

நான் கேட்பது வேறு. ராசிபுரத்துக்காரர் கோவையிலோ, வேலூரிலோ, அடையாறிலோ சிகிச்சை எடுத்துக்கொண்டு ஊர் திரும்புகிறார். பிறகு வயிறு உப்பினால் முதலில் பார்ப்பது உள்ளூர் டாக்டரைத்தான். குழாய் இருப்பதே தெரியாவிட்டால் அவர் கேஸ் மாத்திரை எழுதித் தருவதில் என்ன ஆச்சரியம்?

கணக்கில் ஏறாத சரக்கு தொலைந்தால் தேட முடியாது என்பது காமர்ஸ் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். ஜான்சன் அண்டு ஜான்சனின் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டை 2010-ல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவில் அதைப் பொருத்திக்கொண்டவர்களில் ஆயிரக்கணக்கானோரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

"பேஷண்ட் பயந்துவிடுவார்" என்பார்கள். பல வீடுகளில் அந்த அம்மாவிடம் 'கட்டி' என்று மட்டும்தான் சொல்லி வைத்திருக்கிறோம். உடம்பு அவருடையது, விவரம் மட்டும் நம்முடையதா?

தமிழில் ஒரே ஒரு அட்டை போதும். என்ன கருவி, எந்தக் கம்பெனி, சீரியல் நம்பர், வைத்த தேதி, எந்த அறிகுறி வந்தால் ஓடி வரவேண்டும். சில வகை ஷன்ட்டுகளுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தபின் வால்வைச் சரிபார்க்க வேண்டும், அதையும் எழுதலாம். ஆஸ்பத்திரி தானாகத் தராவிட்டால் டிஸ்சார்ஜ் அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். பில்லை மட்டும் சரிபார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் நண்பர்களே?