பயிற்சியும் ஒரு வகுப்பறைதான்

கோலா கங்சார் அருகே ஒரு தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் என் சித்தி ஆசிரியர். ஒருநாள் வீட்டு வாசலில் மடிக்கணினியோடு அமர்ந்திருந்தார். உள்ளே இணையம் கிடைக்கவில்லை. மூன்று மணிநேர இயங்கலைப் பயிற்சி. தலைப்பு, 'பல்வகை மாணவர்களுக்குக் கற்பித்தல்'. திரையில் ஓடிய குறிப்புகளை ஒருவர் வாசித்தார். முடிவில் வருகைப் பதிவு.

"எல்லாருக்கும் ஒரே மாதிரி பாடம் நடத்தாதீங்கன்னு எல்லாருக்கும் ஒரே மாதிரி நடத்துறாங்க" என்று சிரித்தார்.

சிரித்துக் கடந்துவிடும் செய்தி அல்ல இது. சிறப்புத் தேவை கொண்ட எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கை 2019-இல் நம் நாட்டில் நடப்புக்கு வந்தது. கதவு திறந்துவிட்டது. ஆனால், உள்ளே வரும் பிள்ளைக்குக் கற்பிக்கும் ஆசிரியர் தயாரா?

150-க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளிகளில் ஆசிரியர்களும் குறைவு. ஒருவர் பயிற்சிக்காக ஈப்போ சென்றால் அவரது வகுப்பையும் மற்றவர் சுமக்க வேண்டும். ஆகவே, இயங்கலைப் பயிற்சி தேவைதான். குறை அதன் வடிவமைப்பில் உள்ளது.

2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது கல்வி அமைச்சு நடத்திய ஆய்வில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை எனத் தெரியவந்தது. எல்லார் வீட்டிலும் ஒரே வசதி இருக்கும் என எண்ணிப் பாடம் அமைக்கக்கூடாது என்பதே அன்று கற்ற பாடம். அது ஆசிரியர் பயிற்சிக்கும் பொருந்தும்.

'கற்றலுக்கான பொது வடிவமைப்பு' என்ற கோட்பாடு மூன்றைக் கேட்கிறது: ஆர்வமூட்டப் பல வழி, பாடத்தை வழங்கப் பல வழி, கற்றதை வெளிப்படுத்தப் பல வழி. பயிற்சியிலேயே இவை இருக்கட்டும். பதிவிறக்கக்கூடிய பத்து நிமிடக் காணொலிகள், அவற்றுக்கு எழுத்து வடிவமும் துணைவரிகளும் வேண்டும். செவித்திறன் குறைந்த ஆசிரியர்களும் உண்டல்லவா? எடுத்துக்காட்டுகள் தமிழிலும் வேண்டும். ல, ள, ழ வேறுபாட்டில் தடுமாறும் பிள்ளைக்கு உதவும் வழியை மலாய் எழுத்துகளைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது. வருகைப் பதிவுக்குப் பதிலாக, ஆசிரியர் தம் வகுப்பில் ஒன்றைச் செய்துபார்த்து, எழுத்திலோ குரல்பதிவிலோ பகிரட்டும்.

செலவாகும் என்பார்கள். ஆனால், ஒருமுறை நன்கு தயாரித்த பாடத்தைப் பல ஆண்டுகளுக்குப் பயன்படுத்தலாம்.

எஸ்பிஎம் முடித்து ஆசிரியர் கல்விக் கழகத்திற்கோ சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திற்கோ விண்ணப்பிக்கும் நண்பர்களே, நாளை அந்தத் திரைமுன் அமரப்போவது நீங்கள்தாம். அன்று ஒரு கேள்வியைக் கேட்கத் தயங்காதீர்கள்: 'என் வகுப்பில் கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளைக்கு இது எப்படி உதவும்?'