எம்பிஏ-வுக்கு 25 லட்சம்: கல்லூரியின் பெயருக்காக மாதா மாதம் எவ்வளவு கொடுக்கிறீர்கள்?

கேட் தேர்வு எழுதியவர்களுக்கு உண்மையான பரீட்சை ஏப்ரல், மே மாதங்களில்தான். இரண்டு மூன்று கல்லூரிகளில் இருந்து அட்மிஷன் ஆஃபர் வந்திருக்கும். முன்பணம் கட்டக் கொஞ்ச நாள்தான் அவகாசம். "ஐஐஎம்னு பேர் இருந்தா போதும், கண்ணை மூடிட்டு சேர்ந்துடு" என்பார் ஆபீஸ் சீனியர். "இவ்ளோ கடனா?" என்று வீட்டில் கேட்பார்கள்.

இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் முடிவெடுக்க இரண்டும் போதாது. கல்லூரியின் பெயருக்கு என்ன விலை என்பதை மாதக் கணக்கில் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

கட்டணம் எங்கே நிற்கிறது?

2008-ல் ஐஐஎம் அகமதாபாத் இரண்டாண்டு எம்பிஏ கட்டணத்தை சுமார் 11.5 லட்சமாக உயர்த்தியபோது நாடு முழுக்க விவாதம் நடந்தது. இன்று அதே படிப்புக்கு 25 லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஐஐஎம்களுக்குத் தன்னாட்சி கொடுத்த சட்டம் 2017-ல் நிறைவேறியது. கட்டணத்தை நிர்ணயிப்பது இப்போது அந்தந்த நிறுவனத்தின் கையில். இன்று நாட்டில் 20-க்கும் மேற்பட்ட ஐஐஎம்கள் இருக்கின்றன. புதியவை பலவற்றிலும் கட்டணம் 15 லட்சத்துக்கு மேல்.

இன்னொரு பக்கம், டெல்லி பல்கலைக்கழகத்தின் எஃப்எம்எஸ். அரசுப் பல்கலைக்கழகத் துறை என்பதால் இரண்டு ஆண்டுக்கும் சேர்த்தே கட்டணம் சுமார் இரண்டரை லட்சம்தான். ஆனால் அதன் வேலைவாய்ப்பு அறிக்கைகள் சொல்லும் சராசரிச் சம்பளம் பழைய ஐஐஎம்களுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதாவது, விலையும் மதிப்பும் எப்போதும் கைகோத்துப் போவதில்லை.

25 லட்சம் கடன் என்றால் மாதம் எவ்வளவு?

ஒரு உதாரணக் கணக்கு. கட்டணம், ஹாஸ்டல், லேப்டாப் எல்லாம் சேர்த்து 25 லட்சம் கடன். வட்டி 10 சதவீதம். பாதித் தொகை முதலாண்டிலும் மீதி இரண்டாம் ஆண்டிலும் வாங்குகிறீர்கள். படிக்கும்போது எதுவும் கட்டவில்லை. படிப்பு முடியும்போது வட்டியோடு கடன் 28.75 லட்சமாக நிற்கும். அதைப் பத்து ஆண்டுகளில் அடைக்க இஎம்ஐ சுமார் 38,000 ரூபாய். மொத்தமாகத் திருப்பிக் கட்டுவது 45 லட்சத்துக்கும் மேல்.

இப்போது மாதம் 60,000 ரூபாய் கையில் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வேலையை விடாமல் இருந்தால், ஆண்டுக்கு 8 சதவீத இன்க்ரிமென்ட்டில் இரண்டு ஆண்டு கழித்து 70,000 வாங்குவார். எம்பிஏ முடித்து மாதம் 1.10 லட்சம் கைக்கு வரும் வேலை கிடைத்தால்? இஎம்ஐ போக மிச்சம் 72,000. வித்தியாசம் 2,000 ரூபாய்தான். நடுவில் இழந்த இரண்டு ஆண்டுச் சம்பளம், சுமார் 15 லட்சம், இந்தக் கணக்கில் சேரவில்லை.

அதே வேலை, மொத்தச் செலவு 7 லட்சம் ஆகும் கல்லூரியில் படித்துக் கிடைத்தால் இஎம்ஐ சுமார் 10,600. மிச்சம் 99,400.

இந்த இரண்டு இஎம்ஐ-க்கும் உள்ள வித்தியாசம் 27,400 ரூபாய். கல்லூரியின் பெயருக்காக மாதா மாதம், பத்து ஆண்டுக்கு நீங்கள் கொடுக்கும் விலை இதுதான். இதை ஈடுகட்ட, காஸ்ட்லி கல்லூரி வரிக்கு முன் ஆண்டுக்கு 4 லட்சத்துக்கு மேல் கூடுதல் சம்பளம் வாங்கித் தர வேண்டும்.

அப்போ பிராண்ட் வெறும் பேச்சா?

இல்லை. பெரிய கன்சல்டிங், முதலீட்டு வங்கி நிறுவனங்கள் வளாகத் தேர்வுக்குப் போவது சில கல்லூரிகளுக்குத்தான். அந்தக் கதவு வேறு இடத்தில் எளிதில் திறக்காது. அங்கே படித்து மாதம் 1.9 லட்சம் கைக்கு வந்தால், 38,000 இஎம்ஐ போகவும் 1.52 லட்சம் மிஞ்சும். கடன் ஒரு பொருட்டே இல்லை.

சிக்கல் நடுவில் இருப்பவர்களுக்கு. உச்சியில் உள்ள கல்லூரிகளை ஒட்டிய கட்டணம், ஆனால் அந்த அளவுக்கு வேலை தராத கல்லூரி. அங்கேதான் 27,400 ரூபாய்க் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

வங்கி ஈஸியாகக் கடன் தருகிறதே?

தரும். எஸ்பிஐ-யின் ஸ்காலர் லோன் போன்ற திட்டங்களில் கல்லூரிகளைத் தரவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். முதல் வரிசைக் கல்லூரி என்றால் அடமானம் இல்லாமலே பெரிய தொகை கிடைக்கும். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம் வித்யாலட்சுமி திட்டமும் என்ஐஆர்எஃப் தரவரிசையை அடிப்படையாகக் கொண்டதுதான். தகுதியான கல்லூரி என்றால் அடமானமோ ஜாமீனோ வேண்டாம். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்கு, தவணை தொடங்கும் வரையிலான காலத்தில் 3 சதவீத வட்டி மானியம் கிடைக்கலாம். ஆனால் இது ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்குத்தான்.

ஆகவே தரவரிசை கடன் வாங்குவதை எளிதாக்குகிறது. அடைப்பதை அல்ல. வரிச் சலுகையையும் நம்பிவிடாதீர்கள்: கல்விக் கடனில் எட்டு ஆண்டு வரை வட்டிக்கு மட்டும்தான் கழிவு, அதுவும் பழைய வரி முறையில் இருந்தால்தான்.

எந்த எண்ணைப் பார்க்கணும்?

என்ஐஆர்எஃப் ரேங்க்கில் கட்டணம் ஒரு அளவுகோலே இல்லை. ஒரு மாணவருக்கு நிறுவனம் எவ்வளவு செலவழிக்கிறது என்பதற்கு மதிப்பெண் உண்டு. மாணவர் எவ்வளவு செலவழிக்கிறார் என்பதற்கு இல்லை. ஆனால் ரேங்க்கை விடப் பயனுள்ள ஒன்று அதே தளத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கல்லூரியும் சமர்ப்பித்த தரவுக் கோப்பு. கல்லூரியே கொடுத்த தகவல்தான் என்பதை நினைவில் வைத்து, மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

- படிப்பை முடித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது?
- இடைநிலைச் சம்பளம் எவ்வளவு? பாதிப் பேர் இதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் வாங்கியிருப்பார்கள். நான்கு பேர் கோடியில் வாங்கினால் சராசரி எகிறிவிடும், இடைநிலை அசையாது.
- மூன்று ஆண்டுகளாக அது ஏறுகிறதா, இறங்குகிறதா?

அந்த எண்ணும் மொத்தச் சம்பளமே. வேரியபிள் பே, பிஎஃப், வரி போகக் கைக்கு வருவதை நீங்கள்தான் கணக்கிட வேண்டும்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

இருக்கும் துறையிலேயே மேலே போகத்தான் எம்பிஏ என்றால், செலவு குறைந்த நல்ல கல்லூரியோ வேலையை விடாமல் படிக்கும் எம்பிஏ-வோ பெரும்பாலும் போதும். துறையையே மாற்ற வேண்டும், அதற்கான நிறுவனங்கள் அந்த வளாகத்துக்குத்தான் வருகின்றன என்றால் பெயருக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. வீட்டில் உங்கள் சம்பளத்தை நம்பி வேறு கடனோ, தம்பி தங்கை படிப்போ இருந்தால், முதல் மூன்று ஆண்டு இஎம்ஐ-யைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

முன்பணம் கட்டும் முன், அந்தக் கல்லூரியின் இடைநிலைச் சம்பளத்தை வைத்து ஒருமுறை கணக்குப் போடுங்கள். வகுப்பில் சரியாக நடுவில் வந்தாலும் இஎம்ஐ போகக் கையில் நிற்கும் தொகை, வேலையை விடாமல் இருந்தால் கிடைத்திருக்கும் சம்பளத்தை விட நன்றாக அதிகமா? அப்படியென்றால் தயங்காமல் சேரலாம். முதல் பத்து சதவீதத்தில் வந்தால்தான் கட்டுப்படியாகும் என்றால், கையில் இருக்கும் மற்ற ஆஃபரை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள்.