சென்சார் ஆர்டர் கொண்டுவராது



சென்சாரும் மென்பொருளும் வந்துவிட்டால் ஆலைகளில் முடங்கிக் கிடக்கும் உற்பத்தித்திறன் முழுவதும் பயனுக்கு வரும் என்ற பேச்சு தொழில் மாநாடுகளில் ஓயாமல் கேட்கிறது. பாதி உண்மைதான். சி.என்.சி. எந்திரம் பழுதால் மட்டும் நிற்பதில்லை. ஒரு ஜாப் முடிந்து அடுத்ததற்கு டூல் மாற்றி, செட்டிங் போட்டு, முதல் பீஸை அளந்து சரிபார்க்கும்வரை ஸ்பிண்டில் சும்மா கிடக்கிறது. சூப்பர்வைசரின் நோட்டில் ஏறாத இந்த நேரம், சென்சார் இருந்தால் மென்பொருளின் திரையில் ஏறிவிடும். ஒத்த ஜாப்களை அடுத்தடுத்து ஓட்டலாம்; புது எந்திரம் வாங்குவதையும் தள்ளிப்போடலாம்.

ஆனால் ஆர்டரே இல்லாவிட்டால்? ரிசர்வ் வங்கியின் காலாண்டு ஆய்வில், இந்திய உற்பத்தித் துறையின் திறன் பயன்பாடு 2020 ஏப்ரல்-ஜூனில் 47.3 விழுக்காட்டுக்குச் சரிந்தது. பின்னர் 75-ஐ ஒட்டி மீண்டது. சரித்தது ஊரடங்கு, மீட்டது சந்தை. டிஜிட்டல் வசதி செலவைக் குறைத்து ஆர்டரையும் பிடித்துத் தரும் என்பார்கள். தனி நிறுவனத்துக்கு அது பொருந்தும். தேவை வளராத துறையில் ஒருவர் பிடித்தது இன்னொருவர் இழந்ததுதான். ஆர்டர் குவிந்தபோதும் எந்திரமயம் காலை வாரியதுண்டு. டெஸ்லா கார் ஆலையில் அளவுக்கு மீறிய தானியக்கம் தவறு என்று ஈலான் மஸ்க்கே 2018-இல் ஒப்புக்கொண்டார். மாடல் 3 கார் வாரத்துக்கு 5,000 என்ற இலக்கை டெஸ்லா எட்டியது, ஃபிரீமாண்ட் ஆலை வளாகத்தில் கூடாரம் போட்டு ஓட்டிய கூடுதல் அசெம்பிளி லைனின் துணையோடு! சிறு பட்டறைக்காரர்கள் மென்பொருளுக்கு மாதச் சந்தா கட்டுமுன், எந்திரம் நின்ற நேரத்தில் செட்டிங்குக்குப் போனது எவ்வளவு, வேலையில்லாமல் போனது எவ்வளவு என்று ஒரு மாதம் கையாலேயே எழுதிப் பார்க்கட்டும்.

— வாசகர், கோவை