கண்ணூசியும் சொட்டு மருந்தும்

கண்ணுக்குள் ஊசியிடுதற்கு முன்னும் பின்னும் நாட்கணக்காய் ஆண்டிபயாடிக் சொட்டு மருந்து விடும் வழக்கம் ஒழிதல் வேண்டும் என்பது என் துணிபு. இது கேட்போர்க்கு வியப்பாகத் தோன்றலாம். கிருமியைக் கொல்லும் மருந்தை வேண்டாவென்பது முறையோ எனின், காரணம் கூறுவல்.

நீரிழிவினாலும் முதுமையினாலும் விழித்திரை பழுதுற்றோர்க்குப் பெவாசிசுமாப், ரானிபிசுமாப் முதலிய மருந்துகளை வெண்விழியின் வழியே ஊசியால் உட்செலுத்துகின்றனர். பலர்க்குத் திங்கள்தோறும் இஃது இடவேண்டியிருக்கும். ஏறத்தாழ 2000 அல்லது 3000 ஊசிகளுக்கு ஒருமுறையே கிருமி உட்புகுந்து கேடு செய்யும் என்பர். ஆயினும் அவ்வொருவர்க்குப் பார்வையே போதல் கூடும்.

அக்கிருமி பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதன்று; நோயாளியின் இமையிலும் கண்ணின் மேற்பரப்பிலும் நெடுநாள் குடியிருப்பதே. ஸ்டாபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்பது அவற்றுள் தலையாயது. திண்ணையில் இருக்குங்கால் தீங்கு செய்யாத அது, உள்ளறை புகுந்தால் கள்வனாகிவிடும். வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸோ பேச்சின் வழியே கண்ணில் வீழ்வதுண்டு. ஆதலின் ஊசியிடும் நேரத்தில் மருத்துவரும் நோயாளியும் வாய்மூடி இருத்தல் நன்று. (நம்மவர்க்கு இதுவே எல்லாவற்றினும் அரிது!)

இக்கள்வனை வாயிலிலேயே மடக்குவது 5 விழுக்காட்டுப் பொவிடோன் அயோடின் துளி. 1991-இல் நியூயார்க்கில் ஸ்பீக்கர், மெனிகாஃப் என்னும் இருவர் கண் அறுவை செய்துகொண்டோரிடம் இதனை ஆராய்ந்தனர். வெள்ளிச்சத்துக் கரைசல் இட்டோருள் 0.24 விழுக்காட்டினர்க்கும், அயோடின் இட்டோருள் 0.06 விழுக்காட்டினர்க்கும் உட்கண் தொற்று நேர்ந்ததெனக் கண்டனர். அயோடின் எரியும், மஞ்சளாய் வழியும், ஊசி முடிந்தபின் நன்கு கழுவாவிடின் உறுத்தவும் செய்யும். ஆனால் அதற்கு முன்னே மரப்புக் களிம்பைத் தடித்துப் பூசினால் அயோடின் கண்ணைத் தீண்டாதொழியும் என்பதையும் மருத்துவர் மறத்தலாகாது.

ஆண்டிபயாடிக்கின் செய்தி வேறு. 2011-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்றில், ஊசிதோறும் இத்துளிகளைப் பயன்படுத்தினோர் கண்களில் அம்மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகினமை தெரிந்தது. ஊசியோ ஆண்டிற்குப் பலமுறை. ஒவ்வொரு முறையும் நாமே எதிரிக்குப் பயிற்சி கொடுத்து வளர்க்கின்றோம். அயோடினுக்கு இவ்வாறு கிருமி பழகிப்போவதில்லை.

கீழப்பழுவூர் போன்ற சிற்றூரார் கண்ணூசிக்கென்று திருச்சிக்கோ தஞ்சைக்கோ போய்வருவர். சொட்டு மருந்து எழுதிக்கொடாத மருத்துவரைக் கைக்கருமியென்று ஐயுறுவர். அவ்வச்சம் அடிப்படையற்றதென நான் சொல்லேன். 2008-இல் பெரம்பலூரில் நிகழ்ந்த இலவசக் கண்புரை அறுவைக்குப்பின் கிருமி தாக்கி 60-க்கு மேற்பட்டோர் பார்வை இழந்தனர்; அஃது ஊசியால் நேர்ந்ததன்றாயினும், அத்துயர் நம் பகுதியார் நெஞ்சில் எளிதில் ஆறுவதோ? அஞ்சுவோர் கேட்கவேண்டிய கேள்வி, "எத்தனை புட்டி மருந்து?" என்பதன்று; "அயோடின் விட்டீர்களா ஐயா?" என்பதே.

அதனைக் கேட்கவும் தமிழில் ஒரு தாள் அவர் கையிற் கிடைத்தல் வேண்டும். ஆங்கிலத்தில் அச்சிட்ட குறிப்பை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பேருந்தேறும் முதியவர்க்கு அதனாற் பயன் யாது? மூன்று வரி போதும்: அயோடின் எரிந்தால் அஞ்சற்க, ஊசியிடும்போது பேசற்க, பின் சில நாளில் கண் வலித்துச் சிவந்து பார்வை மங்கினால் அன்றே வருக.